மணியம் கழற்றிப்போட்ட கன்ராடுகள்

இந்த எஞ்சின் வேலையிலேயே சிரமமானது எது என்று போன மாதம், தொழிலுக்குப் புதிதாக வந்த உங்களில் ஒரு தம்பி என்னைக் கேட்டான். கல்யாண வீட்டில், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "கிராங்கைத் தூக்கி பிளாக்கில உட்கார வைக்கிறதுதான்டா, முதுகு போயிடும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நானும் பாயசத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. ஒருவன் உண்மையாகக் கேட்டால் உண்மையாகச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கு ரிங் எப்படிப் போடுவது, வால்வை எப்படித் தேய்ப்பது என்பதெல்லாம் இதில் வராது. அது தெரியாவிட்டால் உங்கள் போமனைக் கேளுங்கள், அதற்குத்தானே அவர் இருக்கிறார். வெளியூர்க்காரர் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒன்று: எங்கள் ஊரில் மெக்கானிக்குக்குப் போமன் என்று பெயர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில், நானும் மணியமும் கூட்டாகப் பட்டறை வைத்திருந்தோம். டீசல் வேனும் சின்ன லோரியும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. இரண்டு பேருமே தனிக்கட்டை. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, அவனுக்குக் கூடிவந்து நிலைக்கவில்லை. நான் ஒரு வாடகை அறையில் தூங்கிவிட்டுக் காலையில் வருவேன். அவன் பட்டறைக்குப் பின்னாலிருந்த அறையிலேயே குடியிருந்தான். சொந்தமென்று சுங்கை சிப்புட்டில் அவனுக்கு ஒரு தங்கச்சி மட்டும் இருந்தாள்.

வாடிக்கைக்காரர்களுக்கு மணியத்தைத்தான் பிடிக்கும். சிரித்த முகம், மெதுவான பேச்சு. நான் கத்துகிற ஆள். டீ சூடாக இல்லையென்றாலும் கத்துவேன், மழை பெய்தாலும் கத்துவேன். சண்டை போடாமல் எங்கள் பட்டறையிலிருந்து ஓர் எஞ்சினும் வெளியே போனதில்லை. நாங்கள் ஜென்ம விரோதிகள் என்று சந்துக்குப் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். சாயங்காலம் ஒரே தட்டில் பசெம்பூர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பிரித்தவன்தான் பூட்ட வேண்டும். ஓர் எஞ்சினை யார் கழற்றினானோ அவன் கைதான் அதை மறுபடி சேர்க்கும், மற்றவன் கூடநின்று பார்ப்பான். ஏனென்றால் கழற்றும்போது கைக்குத் தெரிவது வாய்க்குச் சொல்ல வராது. மணியம் தரையில் கோணியை விரித்து, எஞ்சினுக்குள் எது எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் சாமான்களைப் பரப்பி வைப்பான். அடையாளம் குத்த மாட்டான். "ஏன்டா அதைப் போட்டுக் குத்துறே, எனக்குத் தெரியாதா?" என்பான். அவனுக்குத் தெரியும். ஆகவே நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருடம் சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் ராஜம்மாவின் வேன் எங்களிடம் வந்தது. கம்போங் மேடானிலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன். பெண்கள் வேன் ஓட்டுவது அப்போது அபூர்வம், ஆனால் ராஜம்மா ஓட்டுவதைப் பார்த்தால் லோரிக்காரனே ஒதுங்கி வழிவிடுவான். எஞ்சினுக்குள் டக்டக்கென்று ஒரு தட்டல். கேட்டதுமே இரண்டு பேருக்கும் புரிந்தது, எஞ்சினுக்கு அடியில் சுழலும் கிராங்கைப் பிடித்திருக்கும் பேரிங் தேய்ந்துபோயிருக்கிறது.

"பெருநாள் லீவுல பாக்டரி மூடிடுவாங்கண்ணே. தொறக்கிற அன்னிக்குக் காலையில என் வேன் கேட்டுல நிக்கணும். நிக்கலன்னா அந்த ஓட்டத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். ஒருத்தன் ரெடியா காத்துக்கிட்டு இருக்கான்லா" என்றாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். வேறு வருமானம் கிடையாது. மணியம் சிரித்துக்கொண்டே, "நிக்கும், போ" என்றான்.

எஞ்சினைப் பிரித்தவன் மணியம். கிராங்கை ஸ்ரீ கெம்பாங்கானில் ஆ லெக்கின் மெஷின் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தேய்த்து வாங்கியதும் அவன்தான். பெருநாளுக்குக் கடை மூடும் முன்பே அது கைக்கு வந்துவிட்டது. இனிப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி. கடையெல்லாம் மூடிய மறுநாள் காலை புதுப் பேரிங்குகளை வைத்துப் பார்ப்பதற்காகக் கன்ராடுகளின் மூடிகளையெல்லாம் கழற்றிக் கோணியில் பரப்பினான். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டுதான் கன்ராட். அதன் அடிப்பக்கம் இரண்டு பாதியாக இருக்கும். கீழ்ப்பாதிதான் மூடி. தண்டையும் மூடியையும் ஒன்றாக வைத்துத்தான் உள்வட்டத்தைக் குடைந்திருப்பார்கள். அதனால் ஒரு தண்டின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், முறுக்கினால் உட்காரவும் செய்யும். ஓடும்போதுதான் வினை.

பரப்பி வைத்துவிட்டுச் சந்து முனையில் தனம் அக்கா கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். "நெஞ்சு என்னமோ பண்ணுதுலா" என்றான். "நேத்து கண்டதையும் தின்னே, இப்ப பண்ணாம என்ன செய்யும்?" என்று கத்தினேன். அவன் அப்படியே பெஞ்சில் சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது அதுதான், வேறென்ன சொல்ல.

பட்டறையிலிருந்துதான் அவனை எடுத்தோம். அவனுக்கு வீடு அதுதானே. தங்கச்சி வந்தாள், அவள் மகன் கொள்ளி வைத்தான். ஆண்களெல்லாம் சுடுகாட்டுக்குப் போனோம். பெண்கள் பின்தங்கி, வழக்கப்படி வீட்டைக் கழுவிவிட்டார்கள். நம் வீடுகளில் உடலை எடுத்ததும் செய்கிற காரியம், யாரும் யாரையும் கேட்பதில்லை. தனம் அக்காதான் முன்நின்று செய்தார். அறையை மட்டுமல்ல, மொத்தப் பட்டறையையும் கழுவினார்.

நான் திரும்பி வந்து பார்த்தபோது பட்டறைத் தரை பளபளவென்றிருந்தது. சிமென்ட் தரை அந்த நிறம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினில் கன்ராடுகள் கிடந்தன. மூடிகளைத் தனியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். போல்ட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். ஒரு பொட்டு அழுக்கில்லை.

"மணியத்தோட சாமானெல்லாம் அழுக்கா கிடந்துச்சு தம்பி. அவன் கைபட்ட பொருளு, சுத்தமா இருக்கட்டும்னு நானே உட்கார்ந்து துடைச்சேன்" என்றார் தனம் அக்கா. அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. மழைக்கே கத்துகிறவன் நான். அன்று கத்தவில்லை. "நல்லா செஞ்சீங்கக்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கன்ராடில் எண் குத்தியிருக்குமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. குத்தியிருந்தது. ஆனால் அது ஏற்கனவே எங்கோ பிரித்து மேய்ந்த எஞ்சின். உள்ளே போட்டிருந்த ராடுகள் வெட்டிப்போட்ட பழைய காடிகளிலிருந்து, அதாவது வண்டிகளிலிருந்து, வந்தவை. ஒரே எண் இரண்டு ராடில் இருந்தது, மூடிகளில் பாதிக்கு எண்ணே இல்லை. எது எதற்கு ஜோடி என்பதற்கு ஒரே சாட்சி மணியம் பரப்பி வைத்த வரிசைதான். அந்த வரிசை தண்ணீரோடு சந்துச் சாக்கடையில் போய்விட்டது.

சரி, புது ராட் வாங்கலாமே? பெருநாள் அய்யா! சாமான் கடை, பழைய காடி வெட்டும் கடை, மெஷின் பட்டறை, எல்லாம் சீனர்களுடையவை, எல்லாம் கதவடைப்பு. கிள்ளானில் ஒரு தமிழர் மெஷின் பட்டறை வைத்திருந்தார். எப்போதும் மூடாதவர், அவரும் பார்த்து அந்த வாரம்தான் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போயிருந்தார். அவர் கடைப் பூட்டைப் பார்த்து நின்ற இடத்திலேயே கெட்ட வார்த்தை சொன்னேன். ராஜம்மாவும் சும்மா இருக்கவில்லை, வாடகைக்கு வேன் கேட்டு அலைந்தாள். ஊரில் இருந்த வேனெல்லாம் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

வேறு வழியில்லாமல் ஸ்ரீ கெம்பாங்கானுக்கு, ஆ லெக்கின் வீட்டுக்கே போனேன். போகும் வழியெல்லாம் மனம் உறுத்தியது. சீனர்களுக்குப் பெருநாள் சமயத்தில் சாவு சம்பந்தப்பட்டவன் வீட்டு வாசலை மிதிப்பது பந்தாங். ஆகாத காரியம் என்பதற்கு இங்கே அதுதான் சொல். சாவு என்ற பேச்சே அந்த நாட்களில் வீட்டில் எழக்கூடாது. எனக்கோ சுடுகாட்டிலிருந்து வந்த தீட்டே இன்னும் கழியவில்லை. அதனால் காடியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியிலிருந்தே கூப்பிட்டேன்.

ஆ லெக் சிவப்புச் சட்டையோடு ஓடி வந்தான். "மச்சா! மாசோக் லா, மாசோக்!" என்றான். உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுக்க வந்தான். காடி ரோட்டில் நிற்கிறது, உடனே போகணும் என்று பின்னால் நகர்ந்துகொண்டேன். அடுத்ததாக அவன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "மணியம் மானா?" என்றான். மணியம் எங்கே என்று கேட்டான்.

இருபுறமும் சிவப்புத் துணி கட்டிய கேட். உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். அந்த வாசலில் நின்றுகொண்டு நான் என்ன சொல்வது? "பட்டறையில வேலையா இருக்கான்" என்றேன். ஆ லெக் தலையாட்டிவிட்டு, அவன் எப்போதும் அப்படித்தான், பெருநாளிலாவது ஓய்வெடுக்கச் சொல் என்று மலாயில் சொன்னான். சொல்கிறேன் என்றேன்.

மெஷினைப் பற்றிக் கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. நல்ல நாள் பார்த்து, சாமி கும்பிட்டு, பட்டாசு வெடித்துத்தான் அவன் கடை திறப்பான். அதற்கு முன்னால் இரும்பை வெட்டுகிற மெஷினை ஓட்டினால் வருடம் பூராவும் கைக்கும் தொழிலுக்கும் ஆகாது. நான் அவனை வற்புறுத்தவில்லை. ஆயுத பூஜை அன்றைக்கு யாராவது வந்து ஸ்பேனரை எடு என்றால் நான் எடுப்பேனா? ஆனாலும் அவன் நல்லவன். அளவு பார்க்கிற கேஜை வீட்டில்தான் வைத்திருந்தான், அதைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தான். கூடவே இரண்டு ஆரஞ்சுப் பழம். "சத்து லு, சத்து மணியம்" என்றான். ஒன்று உனக்கு, ஒன்று மணியத்துக்கு. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வரும் வழியில் காடியை ஓரம் கட்டி, ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதேன். மணியத்தை எரித்தபோதுகூட எனக்கு அந்த அழுகை வரவில்லை.

பட்டறைக்கு வந்து அளக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தண்டிலும் ஒவ்வொரு மூடியாகப் பூட்டி, முறுக்கி, உள்வட்டத்தை அளந்து, சேருமிடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி அடுத்தது. இரண்டு ராடுகளுக்கு ஜோடி சந்தேகமில்லாமல் கிடைத்துவிட்டது. மிச்சம் இரண்டு ராடு, இரண்டு மூடி. இவற்றை இப்படிப் போட்டாலும் கேஜ் கிட்டத்தட்ட அதே அளவைக் காட்டியது, மாற்றிப் போட்டாலும் அதையே காட்டியது. நகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் மனசு ஒரு பக்கம் சாய்ந்தது. இதுதான் ஜோடி என்று ஏதோ சொன்னது. எதனால் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. "என்னடா சொல்றே?" என்று திரும்பிக் கேட்டேன். கழுவிவிட்ட தரைதான் இருந்தது.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த மாதிரி வேனில் எஞ்சின் எங்கே இருக்கும்? முன்சீட்டுக்கு அடியில். ராஜம்மா ஓட்ட, பக்கத்தில் இரண்டு பெண்கள் அந்த எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்துதான் வேலைக்குப் போவார்கள். ஜோடி மாறிய மூடி பேரிங்கைக் கடிக்கும், ஆயில் போகாது, சூடேறிப் பிடிக்கும். ஓட்டத்தில் அப்படிப் பிடித்து ராட் உடைந்து, பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்த ஒரு லோரி எஞ்சினை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டை வழியாக என் கை உள்ளே போகும். இன்னொரு பக்கம், அப்படி எதுவும் நடக்காமலும் போகலாம். என் மனசு சொன்னது சரியாக இருந்தால் அந்த வேன் நன்றாகவே ஓடும், ராஜம்மாவின் பிழைப்பும் தப்பும். பாதிக்குப் பாதி.

தொழிற்சாலை திறப்பதற்கு முதல்நாள் காலையில் ராஜம்மா வந்தாள். எஞ்சின் பிளாக் ஸ்டாண்டில் வெறுமனே நிற்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தனம் அக்காவும் எனக்கு டீ கொண்டுவந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னாண்ணே இது? இன்னும் பூட்டவே இல்ல?"

"பூட்ட முடியாதும்மா. ராட் மூடியெல்லாம் கலைஞ்சு போச்சு. ரெண்டு மூடி எதுக்கு எதுன்னு தெரியல. ஆ லெக் கடை திறந்து சரிபண்ணாம போட முடியாது."

"கலைஞ்சு போச்சுன்னா? மணியம் அண்ணன் கலைச்சுட்டாரா?"

"அவன் ஒழுங்காத்தான் வச்சிருந்தான். நான்தான் பேசின்ல போட்டுக் கழுவி வச்சேன்."

என் பக்கத்தில் தனம் அக்கா டீ கிளாஸைப் பெஞ்சில் வைக்கிற சத்தம் கேட்டது. நான் அவரைப் பார்க்கவில்லை. செத்தவன் மேல் பழி விழக் கூடாது. அன்பினால் துடைத்து வைத்தவர் மேலும் விழக் கூடாது. மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். எனக்கு அது பெரிய பாரமாகவும் தெரியவில்லை, ஏற்கனவே ஊரில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

ராஜம்மா என்னைத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்துவிட்டு அழுதாள். அதுதான் தாங்கவில்லை. "ஏதோ ஒண்ணப் போட்டு விடுங்கண்ணே. ஒரு வாரம் ஓடினா போதும். அப்புறமா கழட்டி என்ன வேணா செய்யுங்க. ஓட்டம் கையை விட்டுப் போச்சுன்னா நான் என்னாண்ணே பண்ணுவேன்?" என்றாள்.

"முடியாதும்மா."

"மெதுவாத்தாண்ணே ஓட்டுவேன்!"

"முடியாது."

"நான் வேற போமனைக் கூட்டிட்டு வந்து மாட்டிக்கிறேன், போங்க!"

"கூட்டிட்டு வா. எஞ்சின் உன்னோடது, உனக்கு உரிமை இருக்கு. ஆனா முன்சீட்டுல உட்கார்ற பொண்ணுங்க உசிரு உன்னோடது இல்ல. வர்றவன்கிட்ட இதையும் சொல்லிட்டு மாட்டச் சொல்லு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, "மணியம் அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் பூட்டிக் குடுத்திருப்பாரு. அவரு மனுசன்" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேறு போமன் யாரும் வரவில்லை.

அவள் போனதும் தனம் அக்கா மெதுவாகக் கேட்டார். "நான் துடைச்சதாலயா தம்பி?"

"சேச்சே, அது வேறக்கா."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய், வேறு சூடாகப் போட்டுக் கொண்டுவந்தார்.

மறுநாள் தொழிற்சாலை திறந்தது. ராஜம்மாவின் ஓட்டம் காத்துக்கொண்டிருந்த ஆளுக்குப் போய்விட்டது. அவள் பாசார் சந்தையில் காய்கறி மூட்டை பிரிக்கும் வேலைக்குப் போகிறாள் என்று தனம் அக்கா சொன்னார். நான் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை வந்தது, செய்தேன். யாரோடும் சண்டை போடாமல் ஓர் எஞ்சின் வெளியே போயிற்று. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்குமென்று முன்பெல்லாம் நினைத்திருக்கிறேன். இல்லை. வாயை மூடிக்கொண்டு வேலை செய்த அந்த நாட்களைப் போல நீண்ட நாட்களை நான் பார்த்ததே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் நூறு முறை எனக்குச் சந்தேகம் வந்தது. நான் செய்தது நியாயம்தானா, இல்லை வெறும் பயமா? கூட ஒருவன் இருந்தால் கேட்கலாம். 'நீ செஞ்சது சரி' என்று சொல்லக்கூட வேண்டாம், 'முட்டாள்' என்று சொன்னால்கூடப் போதும். முடிவெடுப்பது கஷ்டமில்லை தம்பிகளே. எடுத்த முடிவோடு தனியாக உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

ஆ லெக் கடை திறந்து பட்டாசு வெடித்த காகிதம் வாசலில் கிடக்கும்போதே போய் நின்றேன். அப்போதுதான் மணியம் போன செய்தியைச் சொன்னேன். அவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டான். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். "பெருநாளாச்சே" என்றேன். அவன் குனிந்து துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். பிறகு வரிசையில் காத்திருந்த சாமானையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு எங்கள் ராடுகளைத்தான் முதலில் எடுத்தான்.

அவனிடம் இருந்த பெரிய அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தால் மறைக்க முடியாது, ஜோடி எது என்று காட்டிவிடும். பார்த்துவிட்டு நிமிர்ந்தான். நான் மனசுக்குள் நினைத்து வைத்திருந்த அதே ஜோடி. வெட்டவும் வேண்டாம், குடையவும் வேண்டாம், அப்படியே போடலாம் என்றான். அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்கு ராஜம்மாவின் ஓட்டம்தான் ஞாபகம் வந்தது. அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சினை நான் பூட்டினேன். மணியம் பிரித்ததை நான் பூட்டிய ஒரே எஞ்சின் அது. ஒருவன் முறுக்கினால் மற்றவன் ஸ்பேனரை வாங்கிச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அந்த மற்றவன் இல்லையே. ஆகவே முறுக்கி முடித்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சந்து முனை வரை நடந்துபோய், திரும்பி வந்து, வேறு ஆள் மாதிரி எடுத்துச் சரிபார்த்தேன். சந்தில் பார்த்தவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். நீங்கள் தனியாக வேலை செய்ய நேர்ந்தால் நீங்களும் நடந்துவிட்டு வாருங்கள்.

ராஜம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நீளமான ஸ்க்ரூடிரைவரை பிளாக்கில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் அடி" என்றேன். அவள் சாவியைத் திருப்பினாள். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. காதில் தட்டல் இல்லை, முனகல் இல்லை. நல்ல சத்தம். அப்படிக் கேட்டால் எப்போதும் மனசு குளிரும். அன்று குளிரவில்லை. ஜோடி விஷயத்தைச் சொல்லாமல் விடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் இழந்தது அவளுடைய பிழைப்பு. அவளுக்குத் தெரிய வேண்டும்.

"ராஜம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நான் மனசுல நினைச்சு வச்சிருந்த ஜோடிதான் சரியான ஜோடி. ஆ லெக் அளந்து பார்த்துட்டான். அன்னிக்கே மாட்டியிருந்தா ஓடியிருக்கும். உன் ஓட்டமும் போயிருக்காது."

அவள் எஞ்சினை நிறுத்தினாள். சந்து திடீரென்று அமைதியாகிவிட்டது.

"அப்ப ஏண்ணே மாட்டல?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாதேம்மா."

அவள் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு முறை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "சும்மா கேக்கிறேன்ணே, இனிமே என்னா ஆகப்போவுது. மணியம் அண்ணன் இருந்திருந்தா மாட்டியிருப்பாருதானே?" என்றாள்.

"மாட்டியிருக்க மாட்டான்மா. மாட்டலாம், மாட்டலாம்னு குதிக்கிறது நானு. இத்தனை வருசமா எங்களுக்குள்ள அதுதான் சண்டை. நான் 'போடுடா'ம்பேன். அவன் சிரிச்சுக்கிட்டே 'முடியாதுலா'ம்பான். நான் சாயங்காலம் வரைக்கும் கத்துவேன். கடைசியில அவன் சொன்னதுதான் நடக்கும்."

அவள் முதல் முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கு அவன் சொல்ல வேண்டியதையும் நானே சொல்ல வேண்டியதாப் போச்சு."

மறுபடியும் சாவியைத் திருப்பினாள், கியர் போட்டாள், "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேன் சந்து முனையில் திரும்பி, சத்தம் மெயின் ரோட்டுச் சத்தத்தோடு கலந்துபோகும் வரை நின்றேன். பிறகு பட்டறைக்குள் வந்து, "பார்த்தியாடா, நான் நினைச்ச ஜோடிதான்டா சரி! நான் சொன்னேனா இல்லையா?" என்று அவன் அறையைப் பார்த்துக் கத்தினேன். பலமாகத்தான் கத்தினேன்.